புது பன்றி முடி ஷேவிங் பிரஷ்: வாங்குற அன்னைக்கு என்ன பாக்கணும், அப்புறம் எப்படி பழக்கணும்

ஷேவிங் பிரஷ்ஷுக்கு ரிவ்யூ எழுதுறவங்கள்ல பாதி பேரு வாங்கின மறுநாளே எழுதிடுறாங்க. முள்ளு மாதிரி குத்துது, வாடை தாங்கல, முடி கொட்டுது, ஒரு ஸ்டார். மிச்ச பேரு பார்சல் பிரிச்ச கையோட போட்டோ எடுத்துப் போட்டு அஞ்சு ஸ்டார் குடுத்துடுறாங்க. ரெண்டுமே வாங்கப் போறவனுக்கு உதவாது. பன்றி முடி பிரஷ்ஷுல நாள் போகப் போக தானா சரியாகுற கொறைன்னு சிலது இருக்கு, எத்தனை மாசம் ஆனாலும் சரியாகாத கொறைன்னு சிலது இருக்கு, இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா போதும், காசு வீணாப் போகாது. நான் ஒரு தடவ ஏமாந்து, ரெண்டாவது தடவ கடையில உக்காந்து பாத்து வாங்கி, ரெண்டு மாசமா அதுலதான் ஷேவ் பண்றேன்.

நமக்கு திருத்துறைப்பூண்டி பக்கம். ரொம்ப வருஷம் டியூப் கிரீமக் கையால தடவி, ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வேலைக்கு ஓடுற ஆளுதான் நானு. தாடைக்குக் கீழ சின்னச் சின்னதா சிவந்து பொங்கும், படிகாரக் கல்ல தேச்சுட்டு விட்டுடுவேன். அப்பா மட்டும் இன்னைக்கு வரைக்கும் பிரஷ்தான். எவர்சில்வர் கிண்ணத்துல சோப்பு, திண்ணையில சின்ன கண்ணாடி, ஒரு செம்பு வெந்நி, இருவது நிமிஷம். அவருக்கு இந்த வயசுலயும் கழுத்துல ஒரு சிவப்பு கெடையாது. ஒரு ஞாயித்துக்கெழம அவரு பிரஷ்ஷ வாங்கி போட்டுப் பாத்தேன், அன்னைக்கே வித்தியாசம் தெரிஞ்சுது. பிரஷ் என்ன பண்ணுதுன்னா, தண்ணியையும் சோப்பையும் முடியோட அடி வரைக்கும் கொண்டு போகுது, படிஞ்சு கெடக்குற முடியத் தூக்கி நிறுத்துது, மேல இருக்குற எண்ணெய், செத்த தோல் எல்லாத்தையும் தேச்சு எடுத்துடுது. கையால தடவுனா இது நடக்காது. ஆனா அப்பாவோட பிரஷ் தேஞ்சு நடுவுல சொட்டை விழுந்துடுச்சு, அதனால எனக்குன்னு ஒண்ணு தேட ஆரம்பிச்சேன்.

மொதல்ல ஆடி ஆஃபர்ல ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினேன். கம்பெனி பேர எழுதல, அதே சரக்கு பத்து பேருல வருது. 550 ரூபா, பேட்ஜர் முடின்னு போட்டிருந்துச்சு. பேட்ஜர்னா மண்ணுல வளை தோண்டி வாழுற ஒரு பிராணி, வளைக்கரடின்னு சொல்லுவாங்க, பிரஷ்ஷுக்கு அந்த முடி பெரும்பாலும் சீனாவுலேருந்துதான் வருது, வெல ஜாஸ்தி. அந்த முடி நுனியில வெளுப்பு, நடுவுல கருப்புப் பட்டை, அடியில திரும்ப வெளுப்புன்னு இருக்கும். அதப் பாத்து பன்றி முடிக்கு நடுவுல சாயத்தப் போட்டு பட்டை மாதிரி பண்ணிடுறாங்க. எனக்கு வந்தது அதுதான். மொத நாள் தண்ணியில போட்டதுமே தண்ணி டீ டிகாஷன் மாதிரி ஆயிடுச்சு. நெஜ பட்டை முடிக்கு முடி கொஞ்சம் மேல கீழ இருக்கும், சாயப் பட்டை ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி ஒரே நேரா இருக்கும், பின்னாடிதான் இது தெரிஞ்சுது. சாயம் போனாக்கூட பரவால்லைன்னு வச்சுக்கிட்டேன், பன்றி முடியும் நல்ல முடிதான். ஒம்பதாவது நாள் நுரை போட்டுக்கிட்டு இருக்கும்போதே முடிக்கட்டு மொத்தமா கழண்டு உள்ளங்கையில விழுந்துடுச்சு. கைப்பிடிக்குள்ள பாத்தா கடுகளவு பசைதான் ரெண்டு பொட்டு வச்சிருந்தாங்க. ரிட்டர்ன் நாளு முடிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க.

அதுக்கப்புறம் கண்ணால பாக்காம பிரஷ் வாங்குறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். ஆவணியில ஒரு கல்யாணத்துக்கு கும்பகோணம் போயிருந்தோம், முகூர்த்தம் காலையிலயே முடிஞ்சுது, சாப்பாடு பந்திக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. பெரிய கடைத்தெரு பக்கமா நடந்து போறப்ப சலூன் சாமான் மொத்தமா விக்கிற ஒரு சின்ன கடை கண்ணுல பட்டுச்சு. நாற்காலி, கத்தரிக்கோல், துணி, ஸ்ப்ரே பாட்டில், பவுடர் டப்பான்னு கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருக்காங்க, நிக்க எடமில்ல. பிரஷ்னு கேட்டதும் மொதல்ல நைலான் பிரஷ்ஷதான் எடுத்துப் போட்டாரு. முடி பிரஷ் இருக்காண்ணேன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் என் மூஞ்சியப் பாத்துட்டு, "அதெல்லாம் இப்ப யாரு தம்பி கேக்குறா"ன்னு சொல்லிக்கிட்டே ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டுலேருந்து ஒரு அட்டைப்பெட்டிய எறக்குனாரு. உள்ள ஆறு பிரஷ் இருந்துச்சு. இறக்குமதி சரக்கு, பன்றி முடி, பழுப்பு கலர் பிசின் கைப்பிடி, 890 ரூபான்னாரு. எல்லாத்தையும் பாத்துட்டு எடுத்துக்கலாமாண்ணேன், "ஒக்காந்து பாருங்க, யாரு அவசரப்படுத்துறது"ன்னு ஸ்டூலத் தள்ளி விட்டாரு. இந்தக் கடைக்கு நான் குடுக்குற மார்க்குல பாதி அந்த ஸ்டூலுக்குத்தான்.

ஆறுல மூணத் தள்ளினேன். எப்படின்னு சொல்றேன், இதுதான் இந்த ரிவ்யூவுலயே முக்கியமான எடம். மொதல்ல பிரஷ்ஷ தலைகீழா புடிச்சு கைப்பிடியோட அடியில ரெண்டு தட்டு தட்டுனேன், உதிரியா ஒட்டாம நிக்குற முடி அங்கயே விழுந்துடும், நாலஞ்சு விழுந்தா கவலை இல்ல, கொத்தா விழுந்தா கீழ வச்சுடணும். அப்புறம் முடிக்கட்ட ரெண்டு விரலால புடிச்சு, கைப்பிடிய இன்னொரு கையில புடிச்சு லேசா முறுக்கிப் பாத்தேன். ஒரு பிரஷ்ஷுல நூலிழை அளவு அசைஞ்சுது. முடிக்கட்டும் கைப்பிடியும் சேருற வளையத்துல நகத்தால ஓட்டிப் பாத்தா ஒரு பக்கம் பசை நெரம்பி வழிஞ்சு காஞ்சிருக்கு, இன்னொரு பக்கம் இடுக்கு தெரியுது. அந்த இடுக்குல தண்ணி எறங்கும், எறங்கினா காயாது, ஒரு மழைக்காலம் தாண்டாது. இது தானா சரியாகுற கொறை கெடையாது. தள்ளிட்டேன்.

ரெண்டாவது பிரஷ்ஷ டியூப்லைட்டுக்கு நேரா புடிச்சு, கட்டைவிரலால முடிய நடுவுலேருந்து விரிச்சுப் பாத்தேன். நடுவுல வெத்தா, உள்ள அடிப்பசை மேடு மாதிரி தெரியுது. புதுசுலயே நடுவுல பள்ளம்னா நுரை உள்ள போய் உக்காந்துக்கும், மூஞ்சிக்கு வராது, முடியும் நாளாக நாளாக வெளிப்பக்கமாவே சாஞ்சுடும், அப்பாவோட பிரஷ் கடைசியில ஆன மாதிரி. அதுவும் வேணாம். மூணாவது பாக்க அழகா இருந்துச்சு, மேல உருண்டை அவ்வளவு சுத்தம், கத்தரிச்ச மாதிரி. அதுதான் சங்கதி, கத்தரிச்சே இருந்தாங்க. பன்றி முடிக்கு நுனி இயற்கையாவே மெலிஞ்சு பிளந்து இருக்கும், அந்த நுனியாலதான் பிரஷ் மெத்துனு இருக்கணும். நல்லா செய்றவங்க முடிய அச்சுக்குள்ள அடுக்கி உருண்டை வரவழைப்பாங்க, நுனியத் தொட மாட்டாங்க. வேலையக் கொறைக்கிறவங்க கட்டு கட்டினப்புறம் நுனிய வெட்டி ஷேப் பண்ணிடுறாங்க. உள்ளங்கையில நட்டா வச்சு அழுத்திப் பாத்தா தெரிஞ்சுடும், வெட்டின முடி அம்மிக்கல்லு கொத்துன மாதிரி ஒரே சீரா குத்தும், வெட்டாதது குத்துனாலும் ஒரு வழவழப்பு இருக்கும்.

மிச்சம் மூணுல ஒண்ணு எடுத்தேன். வீட்டுல வந்து பையனோட ஸ்கேல வச்சு அளந்தேன், முடிக்கட்டு அடியில குறுக்களவு 24 மில்லிமீட்டர், வெளிய தெரியுற முடி உயரம் 55 மில்லிமீட்டர். மூஞ்சியிலயே நுரை போடுறவங்களுக்கு இந்த உயரம் சரியா இருக்கும், கிண்ணத்துல நுரை போட்டு தடவுறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தா நல்லது. முடி அதிக நீளமா இருந்தா மூஞ்சியில அழுத்தம் கெடைக்காது, துவண்டு போயிடும். மரக் கைப்பிடி பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா நம்ம பக்கம் இருக்குற ஈரத்துக்கு வார்னிஷ் ஒரு எடத்துல விட்டாலும் மரம் ஊதி வெடிச்சுடும், பிசின் கைப்பிடியே போதும்.

இப்ப வாடை. புது பன்றி முடி பிரஷ்ஷ தண்ணியில போட்டா மழையில நனைஞ்ச ஆட்டுக்கெடா பக்கத்துல நின்ன மாதிரி ஒரு வாடை வரும். வந்தா பிரஷ் கெட்டுப் போச்சுன்னு அர்த்தமில்ல, முடின்னா அப்படித்தான். தலைக்குப் போடுற ஷாம்பு ரெண்டு சொட்டு விட்டு, வெதுவெதுப்பான தண்ணியில உள்ளங்கையில சுத்திச் சுத்தி கழுவி, அலசி, திரும்பவும் ஒரு தடவ. கழுவாம நேரா மூஞ்சியில வைக்காதீங்க. முதல் உலகப் போர் சமயத்துல பேட்ஜர் முடி கெடைக்காம போயி குதிரை முடிய அது மாதிரி சாயம் போட்டு பிரஷ் பண்ணி வித்திருக்காங்க, சரியா கிருமி நீக்காத முடி, அதுலேருந்து இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் பட்டாளத்துக்காரங்களுக்கும் ஊர் சனத்துக்கும் மூஞ்சியில ஆந்த்ராக்ஸ் வந்துச்சு. நம்ம பக்கம் மாட்டுக்கு வருமே அடைப்பான், அதே நோய்தான். பிளேடு பட்ட சின்னக் கீறல் வழியா உள்ள போயிருக்கு. அதுக்கப்புறம்தான் பிரஷ் முடிய கிருமி நீக்கணும்னு சட்டம் திட்டமெல்லாம் இறுகுச்சு. இப்ப முறையா வர்ற பிரஷ்ஷுக்கு அந்த பயம் வேண்டாம், ஆனா பேரு ஊரு தெரியாத சந்தைச் சரக்க எடுக்குறப்ப இது மனசுல இருக்கட்டும்.

கழுவியாச்சு, அடுத்தது பழக்குறது. புது மண்சட்டி வாங்கினா அன்னைக்கே கொழம்பு வைக்க மாட்டோம், கஞ்சித்தண்ணி ஊத்தி ஊறப்போட்டு நாலு நாளு பழக்கித்தான் அடுப்புல ஏத்துவோம், அதே கததான் இங்கயும். பன்றி முடி தண்ணியக் குடிக்கிற முடி. பேட்ஜர் முடி தண்ணிய முடிக்கும் முடிக்கும் நடுவுல புடிச்சு வச்சுக்கும், இது முடிக்குள்ளயே இழுத்துக்கும், இழுத்தா மெத்துனு ஆகும். அதனால ஒவ்வொரு தடவையும் ஷேவுக்கு முன்னாடி அஞ்சு பத்து நிமிஷம் ஊறணும். நான் பல்லு வெளக்கப் போகும்போதே ஒரு டம்ளர்ல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி முடி மட்டும் முங்குற மாதிரி வச்சுடுவேன், குளிச்சுட்டு வர்றதுக்குள்ள ஊறியிருக்கும். கொதிக்குற தண்ணி ஆகவே ஆகாது, முடியும் பாழாகும், அடியில இருக்குற பசையும் எளகும்.

மொத வாரம் நான் மூஞ்சியில வைக்கவே இல்ல. தெனம் ஊறவச்சு, சோப்புல முப்பது செகண்டு சுத்தி, உள்ளங்கையில நுரை போட்டு, அஞ்சு நிமிஷம் வச்சிருந்து, அலசிக் காயப்போட்டேன். மொத மூணு நாளு நுரை வரும், அடுத்த நிமிஷமே காணாமப் போயிடும். சோப்பு சரியில்லையோன்னு தோணும். புது முடி தண்ணியக் குடிச்சுக்கிட்டே இருக்குறதால நுரையில தண்ணி பத்தாம செத்துப் போகுது, அவ்வளவுதான். சொட்டுச் சொட்டா தண்ணி சேத்துக்கிட்டே வந்தா நிக்கும். இந்த எடத்துலதான் நெறைய பேரு வெறுத்துப்போயி ஒரு ஸ்டார் குடுத்துடுறாங்க.

எட்டாவது நாள் மூஞ்சியில வச்சேன். குத்துச்சு, ஆனா முள்ளு மாதிரி இல்ல, புதுத் தேங்கா நாரு மாதிரி. பன்னண்டாவது நாள் வாக்குல குத்துறது கொறஞ்சுது. பதினஞ்சாவது நாள் பையனோட பூதக்கண்ணாடிய வாங்கி மாடியில வெயில்ல வச்சுப் பாத்தேன். மொத நாள் ஒரு முடிய உருவி காகிதத்துல ஒட்டி வச்சிருந்தேன், அதையும் பக்கத்துல வச்சேன். பழைய முடியில நுனி ஊசி மாதிரி, ஒண்ணே ஒண்ணா, லேசா ஒரு கீறல்தான். இப்ப இருக்குற முடியில அதே நுனி மூணா நாலா பிரிஞ்சு விரிஞ்சிருக்கு. வேப்பங்குச்சிய கடிக்கக் கடிக்க நுனி பிரஷ்ஷாகுமே, கண்ணுக்குத் தெரியாத அளவுல அச்சு அசல் அதுதான். தெனம் நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு காஞ்சுதான் இந்தப் பிளவு வருது. அதனால ஒரே நாள்ல ராத்திரி முழுக்க ஊறப்போட்டு பழக்கிடலாம்னு நெனைக்கிறது வீண், காயறதும் அந்த வேலையில பாதி. மூணு வாரம் முடியும்போது கன்னத்துல வச்சா அடி முடி கெட்டியா நிக்குது, நுனி பஞ்சு மாதிரி தடவுது. இந்த ரெண்டும் சேந்து கெடைக்குறதுக்குத்தான் பன்றி முடி வாங்குறது.

நடுவுல ஒரு தப்பு பண்ணிக்கிட்டு இருந்தேன், எங்க ஊரு சலூன் அண்ணன்தான் திருத்துனாரு. முடி வெட்டப் போனப்ப பிரஷ்ஷயும் கொண்டு போயி காட்டுனேன். அவரு நாப்பது வருஷமா தொழில்ல இருக்குறவரு, இப்ப அவரே ஸ்ப்ரேயும் ஜெல்லும்தான் பயன்படுத்துறாரு. பிரஷ்ஷ வாங்கி, கட்டைவிரலால நுனிய ஒரு பக்கமா சாச்சு, விட்டு, திரும்பச் சாச்சு, ரொம்ப நேரம் பேசல. அப்புறம் எப்படிப் போடுறேன்னு போட்டுக் காட்டச் சொன்னாரு. நான் அழுத்தி வட்டமா சுத்துனேன். கையப் புடிச்சுட்டாரு.

"ஏன் தம்பி அரைக்கிற? சட்டினியா? தடவு. சுவத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி மேலயும் கீழயும் போ."

"வட்டமா சுத்துனாத்தானேண்ணே முடி நிமுரும்?"

"சுத்து, வேணாங்கல. நுனியால சுத்து. அடி முடி வரைக்கும் மடங்குற மாதிரி அழுத்துனா ஆறு மாசத்துல நடுவுல சொட்டையாயிடும். முடி உதுராது, ஒடியும்."

அப்பாவோட பிரஷ் ஏன் நடுவுல போச்சுன்னு அப்பத்தான் வெளங்குச்சு. அப்பா சுத்துற சுத்துக்கு அது இத்தனை வருஷம் ஒழைச்சதே பெருசு. உதுருற முடிக்கும் ஒடியுற முடிக்கும் வித்தியாசம் பாக்கலாம், அடியோட வந்த முடி முழு நீளம் இருக்கும், ஒடிஞ்சது பாதியா கெடக்கும். எனக்கு மொத வாரத்துல மொத்தமா ஒரு இருவது முடி போயிருக்கும், எல்லாம் முழு முடி, ரெண்டாவது வாரம் தெனம் ஒண்ணு, அதுக்கப்புறம் எப்பவாவது. ஒரு மாசம் தாண்டியும் தெனம் அஞ்சாறு முடி கன்னத்துல ஒட்டுச்சுன்னா கட்டுல கோளாறு, கடைக்கு எடுத்துட்டுப் போங்க, பழக்கிச் சரியாகாது.

தண்ணியப் பத்தி டெல்டாக்காரங்களுக்கு தனியா சொல்லணும். எங்க வீட்டு போர் தண்ணி உப்பு. கடலோரம் வேதாரண்யம், நாகப்பட்டினம், எங்க பக்கமெல்லாம் இந்தக் கததான், நெலத்தடியில உப்பு ஏறிக்கெடக்கு. அந்தத் தண்ணியில சோப்பு நுரைக்காது, தண்ணியில இருக்குற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேந்து வெள்ளையா பிசுக்காகி முடியில படியும். ஒரு வாரம் வேணும்னே போர் தண்ணியில போட்டுப் பாத்தேன், நாலாவது நாளே முடி அடியில சுண்ணாம்பு தடவுன மாதிரி வெளுத்து வெறைச்சுப் போச்சு. அப்புறம் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வர்ற கொழாயில புடிச்ச தண்ணிக்கு மாறினேன், அதே சோப்பு, அதே பிரஷ், ஆனா நுரை தயிர் மாதிரி கெட்டியா நிக்குது. ஒரு ஷேவுக்கு ஒன்னரை டம்ளர் தண்ணி போதும், அதுக்கு நல்ல தண்ணி எடுத்தா குடி முழுகிடாது. கும்பகோணம், திருவையாறு பக்கம் ஆத்தோரம் இருக்குறவங்களுக்கு இந்தத் தொல்லை ரொம்ப இருக்காது. படிஞ்ச பிசுக்கு போகணும்னா ஒரு கிண்ணம் தண்ணியில ஒரு ஸ்பூன் வினிகர் ஊத்தி அஞ்சு நிமிஷம் முடிய மட்டும் முக்கி எடுத்து அலசுங்க, மாசத்துக்கு ஒரு தடவ போதும்.

கிண்ணத்துக்கு நான் காசு செலவு பண்ணல. நல்லா முத்துன தேங்காயோட கண்ணில்லாத பாதி கொட்டாங்கச்சிய எடுத்து, நார வழிச்சு, வெளிப்பக்கம் உப்புத்தாள் போட்டு தேச்சு, உள்பக்கம் மட்டும் சொரசொரப்பா விட்டுட்டேன். அந்த சொரசொரப்புல நுரை சீக்கிரம் எழும்புது, எவர்சில்வர் கிண்ணத்துல வழுக்கிக்கிட்டே ஓடும். அப்பாவே இப்ப கொட்டாங்கச்சிக்கு மாறிட்டாரு.

காயவைக்கிறதுல இருக்கு பிரஷ்ஷோட ஆயுசு. தலைகீழா தொங்கவிடணுமா நிக்க வைக்கணுமான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, ரெண்டு மாதிரியும் செஞ்சு பாத்தேன், ஒரு வித்தியாசமும் இல்ல. எங்க வைக்கிறோம்ங்குறதுதான் விஷயம். சித்திரை வெயில்ல எங்க வச்சாலும் காஞ்சுடும், ஐப்பசி அடைமழையில துவைச்ச துணியே மூணு நாளு காயாம பூசணம் புடிக்கிற ஊரு இது. பாத்ரூமுக்குள்ள வச்சா ஒரே வாரத்துல அடி முடியில ஊசல் வாடை வந்துடும், இந்த மழைக்கு எனக்கு வந்துச்சு. இப்ப ஷேவ் முடிச்சதும் நல்லா அலசி, ஒரு உதறு உதறி, பழைய வேட்டித் துணியில மேலாப்புல ஒத்தி எடுத்து, ஹால்ல ஃபேன் காத்து படுற மாதிரி அலமாரி மேல நிறுத்திடுறேன். முறுக்கிப் பிழியக் கூடாது. மூடி போட்ட டப்பாக்குள்ள ஈரத்தோட அடைக்கவே கூடாது, ஊருக்குப் போறப்பக்கூட. அடைமழை நாள்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பிரஷ் போடுறேன், உள்ள வரைக்கும் காய பன்றி முடிக்கு அந்த அவகாசம் வேணும்.

எல்லாருக்கும் இத வாங்குங்கன்னு சொல்ல மாட்டேன். பன்றி முடின்னா வீட்டுக்குள்ள சேக்காதவங்க நம்ம பக்கம் நெறைய இருக்காங்க. கூத்தாநல்லூர்ல எனக்கு ஒரு ஸ்நேகிதன், மார்க்கப்படி ஆகாதுங்குறதால அவன் நைலான் வகை பிரஷ்தான் வச்சிருக்கான், இப்ப வர்ற நல்ல செயற்கை முடி பழக்கவே வேணாம், மொத நாளே மெத்துனு இருக்கு, ஒரு மணி நேரத்துல காஞ்சுடுது, மழைக்காலத்துல அது எவ்வளவோ தேவலை. கடைக்காரங்க கிட்ட என்ன முடின்னு கேட்டு வாங்குங்க, பேட்ஜர்னு சொல்லி பன்றி முடியக் குடுக்குற சரக்கு சந்தையில இருக்குறதால பன்றி முடி ஆகாதவங்களுக்கு இது வெறும் காசு நஷ்டம் மட்டும் கெடையாது. அவசரக்காரங்களுக்கும் இது ஆகாது, காலையில பத்து நிமிஷம் ஊற வைக்க முடியாதுன்னா பன்றி முடி பக்கமே போகாதீங்க.

எனக்கு 890 ரூபா வொர்த். தாடைக்குக் கீழ பொங்குறது முக்கால்வாசி நின்னுடுச்சு, பிளேடு ஒண்ணு ரெண்டு ஷேவ் கூடுதலா வருது, ஷேவிங் சோப்பு ஒரு கட்டி எத்தனை மாசம் வரும்னே தெரியல, இன்னும் பாதிகூட தேயல. கைப்பிடி ஈரக் கையில கொஞ்சம் வழுக்குது, இடுப்பு மாதிரி ஒரு வளைவு குடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும், அது ஒண்ணுதான் இந்த பிரஷ்ஷுல எனக்குப் புடிக்காதது.

போன வாரம் அப்பா என் பிரஷ்ஷ எடுத்துப் போட்டுட்டு கன்னத்தத் தடவிக்கிட்டே, "இது எங்கடா வாங்குன"ன்னு கேட்டாரு. அடுத்த நாளே பஸ் ஏறி அதே கடைக்குப் போனேன். மேல் தட்டு அட்டைப்பெட்டியில நான் தள்ளின மூணோட இன்னும் ரெண்டு இருந்துச்சு. என்னைப் பாத்ததும் கடைக்காரரே ஸ்டூல எடுத்துப் போட்டாரு, தட்டி, முறுக்கி, லைட்டுக்கு நேரா விரிச்சுப் பாத்து ஒண்ணு எடுத்துட்டு வந்தேன். அந்த ஆட்டுகல்லுச் சுத்த விட்டு வெள்ளையடிக்கிற மாதிரி தடவ அப்பாவ பழக்குறதுதான் பெரிய வேலையா இருக்கு. அந்த பிரஷ்ஷுக்கு இன்னைக்கு நாலாவது நாள், திண்ணையில டம்ளர்ல ஊறிக்கிட்டு இருக்கு, வாடை இன்னும் போகல.